ஹடப்சர்: கரும்பு வயலும் ஆலை நிலமும் அடுக்குமாடியும்

ஹடப்சரில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கும் எந்த நிலத்தை எடுத்துக்கொண்டாலும், கடந்த 150 ஆண்டுகளில் அதன் பயன் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். மானாவாரிச் சோளக்காடு கால்வாய்ப் பாசனக் கரும்புத் தோட்டமானது. தோட்டத்தின் ஒரு பகுதி ஆலை வளாகமானது. தோட்டமாகவே எஞ்சியதும் ஆலை வளாகமாக இருந்ததும் இப்போது குடியிருப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஏறியது. ஏறிய மதிப்பு யார் கைக்குப் போயிற்று என்பதை, அந்த நேரத்தில் நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே தீர்மானித்தது.

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றுக்குத் தெற்கில், சோலாப்பூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் பரந்திருக்கும் பகுதி ஹடப்சர். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் புனேயைக் கடந்து இங்கே வந்தபின்தான் தனித்தனி வழியில் பிரிகின்றன. ஒன்று மலையேறி சாஸ்வட் போகும். மற்றது லோணி காள்போர் வழியே போகும். வழிப்போக்கர்களுக்கும் சந்தைக்கும் ஏற்ற இடமாக இருந்த இந்தக் கிராமத்தின் விவசாயம், மழையை நம்பிய தக்காணத்துச் சோளமும் கம்பும்தான்.

அதை மாற்றியது தண்ணீர். புனேக்கு மேற்கே கடக்வாஸ்லாவில் முட்டா ஆற்றின் குறுக்கே 1869இல் தொடங்கிய அணை 1879இல் முடிந்தது. திட்டத்தை வகுத்த ராணுவப் பொறியாளரின் பெயரால் அந்த நீர்த்தேக்கம் நெடுங்காலம் ஃபைஃப் ஏரி என்று அழைக்கப்பட்டது. அதிலிருந்து புறப்பட்ட வலதுகரைக் கால்வாய், புனே நகரையும் கன்டோன்மென்டையும் தொட்டு, ஹடப்சர் வழியாகக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. படைவீரர் குடியிருப்புகளுக்குக் குடிநீர், பஞ்சத்துக்கு அஞ்சும் வட்டங்களுக்குப் பாசனம் என்பது அரசின் கணக்கு. ஹடப்சர், மாஞ்சரி, முண்ட்வா போன்ற ஊர்களுக்கு அதன் பலன் ஆண்டு முழுவதும் வாய்க்காலில் தண்ணீர். கரும்பும் காய்கறியும் வந்தன. நகரம் பக்கத்திலேயே இருந்ததால் காய்கறிக்குச் சந்தை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கால்வாய்க்குக் கீழே இருந்த ஒரு ஏக்கருக்கும் மேலே இருந்த ஒரு ஏக்கருக்கும் நடுவே மதிப்பில் பெரிய இடைவெளி விழுந்தது அப்போதுதான்.

கரும்பு வெறும் பயிராக நிற்கவில்லை, அரசியலாகவும் வளர்ந்தது. மேற்கு மகாராஷ்டிரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைதான் கிராமத் தலைமையின் இருப்பிடம். ஹடப்சரின் மகர் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாசாகேப் மகர், அருகிலுள்ள தேவூரில் யஷ்வந்த் கூட்டுறவு ஆலையை எழுப்பியவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஹடப்சரின் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் குடியானவர் அதன் பங்குதாரரும் ஆவார் என்ற ஏற்பாடு அந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. பின்னால் நிலத்தையே பங்காக மாற்றும் யோசனை வந்தபோது அவர்கள் மிரளாததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

தொழிற்சாலைகள் வந்தது விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில். நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நகரத்தில் பொறியியல் கல்லூரியும் தொழில் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஹடப்சர் தொழிற்பேட்டையில் காற்றழுத்த இயந்திரங்கள் செய்யும் கிர்லோஸ்கர் நியூமாட்டிக் நிறுவனம் 1958இல் தொடங்கப்பட்டது. நீலகண்டராவ் கல்யாணி 1961இல் நிறுவிய பாரத் ஃபோர்ஜ், பக்கத்து முண்ட்வாவில் வாகன அச்சுகளையும் கிராங்க் ஷாஃப்டுகளையும் காய்ச்சி அடிக்கும் பட்டறையை அமைத்தது. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் பிறந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் பெரும் தொழிற்பகுதியை உருவாக்கியபோது நகரத்தின் வடமேற்கு ஆலைகளின் மையமானது. கிழக்கில் ஹடப்சர் அதைவிடச் சிறிய, ஆனால் வகைவகையான தொழில்களின் இடமாக நிலைத்தது.

அவற்றில் மிகவும் வியப்பானது சீரம் இன்ஸ்டிடியூட்டின் கதை. பூனாவாலா குடும்பம் ஹடப்சரில் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்திவந்தது. பந்தயத்துக்கு உதவாத குதிரைகள், நச்சுமுறி மருந்துக்கு ரத்தச் சீரம் எடுக்க மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சீரத்தை ஏன் இங்கேயே எடுக்கக் கூடாது என்ற கேள்வியிலிருந்து 1966இல் சைரஸ் பூனாவாலா நிறுவனத்தைத் தொடங்கினார். இசிவுநோய்க்கான எதிர்நச்சு மருந்தில் ஆரம்பித்த அந்த இடம், எண்ணிக்கையில் உலகிலேயே அதிகத் தடுப்பூசி செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. ஹடப்சரின் தொழில் நிலம் எல்லாம் குடியிருப்பாகிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று: விளையும் பொருளின் மதிப்பு நிலத்தின் மதிப்பை விஞ்சும் இடத்தில் ஆலை நிலைக்கிறது.

அப்படி விஞ்ச முடியாத தொழிலுக்கு எடுத்துக்காட்டு சிமென்டுக் குழாய். வால்சந்த் ஹீராசந்த் 1926இல் தொடங்கிய இந்தியன் ஹியூம் பைப் நிறுவனத்துக்கு ஹடப்சரில் ஒரு வளாகம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஹியூம் சகோதரர்கள் கண்டறிந்த முறை அது. கம்பிக்கூட்டைப் பொருத்திய உருளை அச்சைப் படுக்கைவாட்டில் வேகமாகச் சுழற்றி, உள்ளே கான்கிரீட் கலவையை ஊற்றுவார்கள். சுழற்சியின் விசையில் கலவை அச்சின் சுவரோடு அழுந்தி ஒட்ட, அதிகப்படியான நீர் உள்பக்கம் பிரிந்து வடியும். அச்சைக் கழற்றிய பிறகு குழாயை நாள்கணக்கில் ஈரப்படுத்தி இறுக விட வேண்டும். பின்பு அழுத்தம் கொடுத்துச் சோதித்து, லாரி வரும்வரை வெட்டவெளியில் அடுக்கி வைக்க வேண்டும். ஆகவே ஷெட்டைவிட முற்றம் பல மடங்கு பெரிதாகத் தேவைப்படும் தொழில் இது. ஊருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைத்த காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. நகரம் வந்து சூழ்ந்துகொண்ட பிறகு, குழாய் காயும் முற்றத்தின் ஒவ்வொரு துண்டு நிலமும் அதன்மேல் இருந்த குழாய்களைவிட விலை மிகுந்ததாயிற்று. 2010களின் பிற்பாதியில் அந்த நிலத்தில் குடியிருப்புக் கட்ட தோஸ்தி ரியால்டியுடன் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டும். 1948ஆம் ஆண்டு பம்பாய்க் குத்தகைச் சட்டமும் அதன் திருத்தங்களும், 1957 ஏப்ரல் 1ஆம் தேதியை உழுபவர் நாளாக வைத்து, குத்தகைக்கு உழுதவர்களை உரிமையாளர்களாக்க வகை செய்தன. தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் எப்படியோ அப்படி மகாராஷ்டிரத்தில் சாத்-பாரா என்னும் பதிவு. அதில் பெயர் ஏறியவர் நிலத்துக்குரியவர். கூலிக்குக் கரும்பு வெட்டியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. பின்னால் நடந்த பங்கீடுகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இங்கே போடப்பட்டது.

புனே மாநகராட்சி 1950இல் உருவாகி, 1960 வாக்கில் தன் எல்லையைக் கிழக்கே நீட்டியபோது ஹடப்சரைச் சேர்ந்த மகர்பட்டா என்ற பகுதியின் வயல்கள் விவசாய மண்டலமாக நகருக்குள் வந்தன. 1976இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மாநகர எல்லைக்குள் வரம்புக்கு மேல் உள்ள காலி நிலத்தை அரசு குறைந்த இழப்பீட்டில் எடுத்துக்கொள்ளலாம். விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் நகரத் திட்டத்தில் வேறு பயனுக்குக் குறிக்கப்படாதவரைதான். மாநகராட்சியின் 1982ஆம் ஆண்டு வரைவு வளர்ச்சித் திட்டம் மகர்பட்டாவை வருங்கால நகர்ப்புற மண்டலமாகக் குறித்தது. அதன் பொருள் குடியானவர்களுக்குத் தெளிவாகவே புரிந்தது. இனி கரும்பு நடுவதும் நடாததும் தங்கள் விருப்பமாக இராது. அரசு எடுக்கும், அல்லது தரகர் துண்டு துண்டாக வாங்குவார். நகரைச் சுற்றிய பிற ஊர்களில் நிலத்தை விற்றவர்களின் கதையும் கண்முன்னே இருந்தது: விற்ற பணம் கார், கல்யாணம், வீடு என்று சில ஆண்டுகளில் கரைய, நிலமும் இல்லை, தொழிலும் இல்லை என்று நின்றவர்கள்.

மகர்பட்டாவின் பதில் இந்திய நகர வரலாற்றில் அரிதானது. சுமார் 120 குடும்பங்கள், பெரும்பாலும் மகர் என்ற குடும்பப் பெயரே கொண்டவர்கள், 400 ஏக்கருக்கு மேற்பட்ட தொடர்ச்சியான நிலத்தை வைத்திருந்தன. அண்ணாசாகேப் மகரின் உறவினரும் வேளாண் பட்டதாரியுமான சதீஷ் மகர், நிலத்தை விற்காமல் எல்லோரும் சேர்ந்து தாங்களே நகரம் கட்டுவோம் என்ற யோசனையை வீடு வீடாக எடுத்துச் சென்றார். 1993இல் திட்டம் மாநில அரசின் முன் வைக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் சரத் பவார். மகர்பட்டா நகரமைப்பு மற்றும் கட்டுமான நிறுவனம் என்ற பெயரில் கம்பெனி உருவானது. ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குகள். யார் வயலில் பூங்கா வரும், யார் வயலில் சாலை வரும், யார் வயலில் விலையுயர்ந்த அலுவலகம் வரும் என்ற சண்டைக்கு அதனால் இடமே இல்லாமல் போயிற்று. நிலம் ஒன்றாகக் கலந்துவிட்ட பிறகு எங்கே எது வந்தாலும் லாபம் பொதுவானது. நில ஒருங்கிணைப்பில் உலகெங்கும் முட்டுக்கட்டையாக நிற்பது இந்த இடம்தான். இங்கே அது தீர்க்கப்பட்ட விதம் எளிமையானது, ஆனால் உறவினர்களுக்குள் இருந்த நம்பிக்கை இல்லாமல் நடந்திருக்காது.

கட்டடக் கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வரைந்த திட்டத்தின்படி 2000இல் வேலை தொடங்கியது. மென்பொருள் நிறுவனங்கள் புனேயில் இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். குடியிருப்புகளுக்கு டாஃபடில்ஸ், ஐரிஸ், காஸ்மாஸ் என்று மலர்ப் பெயர்கள்; நடுவே அதிதி என்ற பெரிய பூங்கா; ஒரு பக்கம் சைபர்சிட்டி என்ற அலுவலக வளாகம். விற்ற வீடுகளின் வருமானத்தோடு, விற்காமல் வைத்துக்கொண்ட அலுவலகக் கட்டடங்களின் வாடகையும் பங்குதாரர்களுக்கு வந்தது. இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு இதுவே. கரும்பு ஆண்டுதோறும் பணம் கொடுத்தது. வாடகையும் மாதந்தோறும் கொடுக்கிறது. ஒரே நாளில் கிடைக்கும் பெருந்தொகையைக் காப்பாற்றத் தெரியாத குடும்பத்தையும் தொடர் வருமானம் காப்பாற்றும். மண் தோண்டுதல், செங்கல் தருதல், லாரி ஓட்டம், தோட்டப் பராமரிப்பு போன்ற ஒப்பந்தங்களும் பங்குதாரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன, பயிற்சியும் தரப்பட்டது. கழிவைப் பிரித்து உரமும் எரிவாயுவும் ஆக்கும் ஏற்பாடு, சூரிய வெந்நீர் அமைப்பு முதலியவை தொடக்கத்திலேயே இடம்பெற்றன. பின்பு சிங்கஹட் சாலையில் நாந்தேட் சிட்டியும் இதே முறையில் விவசாயிகளின் நிலக்கூட்டால் எழுந்தது.

பங்கு நிலத்தின் அளவுக்கு என்பதால், நிலமில்லாதவருக்குப் பங்கில்லை. அந்த வயல்களில் தலைமுறையாக வேலை செய்த கூலிக் குடும்பங்கள் கணக்கில் வரவில்லை. திட்டத்தின் பெருமையைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடுவது சரியாகாது.

2000களின் நடுவில் மாநில அரசு சிறப்பு நகரியக் கொள்கையைக் கொண்டுவந்து, 100 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் தனியார் முழு நகரியம் கட்ட வழி திறந்தது. மகர்பட்டாவுக்கு எதிர்ப்புறத்தில் சாடேசத்ரா நளி என்ற பகுதியின் நிலங்களில் அமனோரா பார்க் டவுன் எழுந்தது அந்தக் காலத்தில்தான். உச்சவரம்புச் சட்டத்தை மகாராஷ்டிரம் 2007 நவம்பரில் கைவிட்டபோது, ஆலை வளாகங்களுக்குள் உபரியாகக் கிடந்த நிலத்தின் மேலிருந்த பூட்டும் திறந்தது. அதற்கு முன்பே தொழிற்சாலைகளுக்குப் புறநகரின் இழுப்பு இருந்தது. சாக்கண், ரஞ்சன்காவ் போன்ற இடங்களில் தொழில் வளர்ச்சிக் கழகம் பெரிய மனைகளைக் கொடுத்தது. ஹடப்சரிலோ லாரி நுழையவே நெரிசல், சுற்றிலும் வீடுகள்.

தொழில் மண்டல நிலத்தில் வீடு கட்டுவது உரிமையாளரின் விருப்பத்தால் மட்டும் நடக்காது. மாநகராட்சி ஆணையரின் அனுமதி வேண்டும். பெரிய மனையானால் ஒரு பகுதியைப் பூங்கா, பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். பக்கத்தில் இயங்கும் ஆலை இருந்தால் இடைவெளி விட வேண்டும். மூடிய ஆலையானால், தொழிலாளர்களுக்கு நிலுவை எதுவுமில்லை என்ற சான்று தொழிலாளர் துறையிடமிருந்து வர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை மும்பையின் கண்ணீரிலிருந்து பிறந்தது.

மும்பையின் பஞ்சாலைகளில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறையாக முடிவடையவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பரேல், லால்பாக் வட்டாரங்களில் 58 ஆலைகளின் சுமார் 600 ஏக்கர் நிலம் நகரத்தின் நடுவே நின்றது. 1991ஆம் ஆண்டு விதி அதை மூன்றாகப் பிரித்தது: மாநகராட்சியின் திறந்தவெளிக்கு ஒன்று, வீட்டு வசதி வாரியத்துக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று. 2001இல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தால் போதும் என்று அது சொன்னதும் பொதுப் பங்கு சிறு துண்டுகளாகச் சுருங்கியது. உயர் நீதிமன்றம் 2005இல் தலையிட்டது. உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் திருத்தமே செல்லும் என்றது. ஒரு மாநகரத்துக்கு நூறாண்டுக்கு ஒருமுறை கிடைக்கக்கூடிய திறந்தவெளி, விதியில் மாறிய ஒரு வரியால் போயிற்று.

தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான பெரம்பூரின் பின்னி ஆலைக்கும் அதே முடிவுதான். பின்னியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியா தலைமையில் பிறந்தது, திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். 1996இல் ஆலை மூடிய பிறகு வெறிச்சோடிய ஷெட்டுகள் பல ஆண்டுகள் சினிமாப் படப்பிடிப்புத் தளமாக இருந்தன. பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் வணிக வளாகமும் எழுந்தன. புனேயிலேயே ரயில் நிலையம் அருகே 1893இல் தொடங்கிய ராஜா பகதூர் ஆலை அலுவலகங்களும் உணவகங்களுமாக மாறியது. அங்கே பழைய கட்டடங்கள் சில காப்பாற்றப்பட்டன. ஹடப்சரின் ஆலைகள் அரை நூற்றாண்டுப் பழமை மட்டுமே கொண்ட தகர ஷெட்டுகள் என்பதால் பாரம்பரியக் கட்டடம் என்ற பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. நின்றதற்கான தடயம் பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்தின் பெயரில்தான் மிஞ்சும்.

மண்ணைப் பற்றிய ஒரு கேள்வி இந்தியாவில் மிகத் தாமதமாகவே எழுந்தது. உலோகப் பூச்சு, சாயம், எண்ணெய், மருந்து வேதிப்பொருள் கையாண்ட நிலத்தில் நச்சு தங்கியிருக்கலாம். அமெரிக்கா இதற்கு 1980லேயே தனிச் சட்டம் இயற்றி, மாசுபடுத்தியவரே துப்புரவுச் செலவை ஏற்க வேண்டும் என்றது. இந்தியாவில் மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கான தனி விதிகள் 2025இல்தான் வெளிவந்தன. அதுவரை எழுந்த குடியிருப்புகளுக்கு, அஸ்திவாரம் தாங்குமா என்று மண் பரிசோதனை நடந்தது. நச்சு உண்டா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. சிமென்டுக் குழாய் முற்றம் போன்ற இடத்தில் இந்த அச்சம் குறைவு. ஆனால் குழாய்நீர் போதாமல் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும் கொண்டு சமாளிக்கும் குடியிருப்புகள் நிறைந்த பகுதியில், நிலத்தடி நீர் எந்த மண்ணின் வழியே வருகிறது என்பது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல.

தண்ணீரின் போக்கும் ஹடப்சரில் தலைகீழானது. நகரம் பெருக, கடக்வாஸ்லா நீரில் குடிநீரின் பங்கு ஏறிக்கொண்டே போனது; கால்வாயை நம்பிய ஹவேலி, தௌண்ட் வட்டங்களின் விவசாயிகளின் குறைகளும் ஏறின. நகரின் சுத்திகரித்த கழிவுநீரை முண்ட்வாவில் ஆற்றிலிருந்து இறைத்து, சாடேசத்ரா நளியில் பழைய கால்வாயில் விட்டு, கிழக்கு வயல்களுக்கு அனுப்பும் திட்டம் அதற்கு ஈடாகச் செயல்படுத்தப்பட்டது. கால்வாய்க் கரும்பை அரைத்துவந்த தேவூரின் யஷ்வந்த் ஆலையிலோ அரைவை 2010களின் தொடக்கத்தில் நின்றது.

சாலையோ நிலப் பயனின் மாற்றத்தோடு சேர்ந்து வளரவில்லை. இந்தியாவின் முதல் விரைவுப் பேருந்துத் தடம் 2006 டிசம்பரில் சோதனை முறையில் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர் வழியில்தான் தொடங்கப்பட்டது. அதனாலும் நெரிசல் தீரவில்லை. 2020 டிசம்பரில் மும்பை நீங்கலாக மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு வந்தபோது, தொழில் நிலத்தைக் குடியிருப்பாக்கும் நிபந்தனைகளும் ஒரே சீராயின. அனுமதிக்கப்படும் தரைப்பரப்பு, சாலையின் அகலத்தோடு மேலும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டது. தொழிற்பேட்டையில் கிர்லோஸ்கர் நியூமாட்டிக்கும் ஹனிவெல்லும், அப்பால் சீரம் இன்ஸ்டிடியூட்டும் இன்றும் இயங்குகின்றன. குடியிருப்பாகத் தகுதிபெறும் தொழில் மனைகள் அவற்றுக்கிடையே இன்னும் இருக்கின்றன. அவற்றில் எவ்வளவு பங்கு பூங்காவுக்கும் பள்ளிக்கும் கிடைக்கும் என்பது ஒவ்வொரு மனைக்கும் வழங்கப்படும் அனுமதி ஆணையில் தனித்தனியே முடிவாகிறது.